ராசே தீவின் சிறு கப்பல்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், ஸ்கை தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் தீவு ராசே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் 161 பேர். அவர்களுக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஓடுகிற கார்க் கப்பலின் பெயர் ‘ஹல்லேக்’. நீளம் 43.5 மீட்டர், 23 கார்கள் ஏறும், 150 பேர் பயணம் செய்யலாம். மனம் வைத்தால் ஏறக்குறைய ஊர் முழுவதுமே ஒரே நடையில் அக்கரை போய்விடலாம். ஸ்கையின் கிழக்குக் கரையிலுள்ள ஸ்கான்சருக்குப் போய்ச்சேர இருபத்தைந்து நிமிடம் ஆகிறது.

இந்தக் கப்பல் உலகச் செய்தியில் இடம்பெற்றது ஒரே ஒரு காரணத்துக்காக. 2012 டிசம்பரில் கிளைடு ஆற்றங்கரையின் போர்ட் கிளாஸ்கோவில், ஃபெர்குசன் கப்பல் கட்டும் தளத்திலிருந்து அது தண்ணீரில் இறங்கியபோது, டீசலும் மின்கலமும் சேர்ந்து இயக்கும் முதல் கடல்வழிக் கார்க் கப்பல் என்று கொண்டாடப்பட்டது. மொத்தம் 700 கிலோவாட் மணி கொள்ளும் இரண்டு லித்தியம் அயனி மின்கலத் தொகுதிகள் அதில் உண்டு. பொறியியல் இதழ்கள் அந்த மின்கலங்களைப் பற்றி விரிவாக எழுதின. எழுதியது சரியே. ஆனால் ராசேயின் கடல் போக்குவரத்து வரலாற்றைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால் வேறொன்று தெரிகிறது. அந்தத் தீவின் வாழ்வைத் திருப்பிய முடிவுகளில் பெரும்பாலானவை கப்பலின் உடலுக்குள் எடுக்கப்பட்டவை அல்ல. சாய்தளம் எந்த இடத்தில், கப்பல் இரவில் எந்தக் கரையில், எந்தக் கிழமை ஓடும், பழுதானால் மாற்று எங்கிருந்து வரும் என்ற கேள்விகளில்தான் தீவு நின்றது, தளர்ந்தது, பிழைத்தது.

1773 செப்டம்பரில் சாமுவேல் ஜான்சனும் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் ராசேக்குப் போனது துடுப்புப் படகில். தீவின் தலைவர் தம் படகை அனுப்பி அழைத்துக்கொண்டார். துடுப்பு வலித்தவர்கள் பாடிக்கொண்டே வலித்தார்கள். அதன்பின் நீராவிக் கப்பல்கள் வந்தன. மேக்பிரெய்ன் நிறுவனத்தின் அஞ்சல் கப்பல் ஸ்கையின் போர்ட்ரீக்குப் போகும் வழியில் ராசேயிலும் நின்று செல்வது இருபதாம் நூற்றாண்டின் எழுபதுகள் வரை நீடித்தது. கடிதமும் மூட்டையும் ஆடுமாடும் மனிதரும் அதில் வந்து போனார்கள். தீவு வழியில் ஒரு நிறுத்தம் மட்டுமே. அந்தக் கப்பல் தீவுக்குச் சொந்தமான கப்பல் அல்ல. கப்பல் வரும் நேரத்துக்குத் தீவு காத்திருக்க வேண்டும். தீவின் நேரத்துக்குக் கப்பல் ஓடாது.

இந்த நிலையை மாற்றியது மிக எளிமையான ஒரு சிறு கப்பல் வகை. 1973 ஜனவரி முதல் நாள் இரண்டு பழைய நிறுவனங்கள் இணைந்து கலிடோனியன் மேக்பிரெய்ன் உருவானது. இன்று எல்லோரும் சுருக்கமாகக் கால்மேக் என்கிறார்கள். அதற்குச் சற்று முன்பு, 1972இல், ஜேம்ஸ் லாமண்ட் என்ற போர்ட் கிளாஸ்கோ தளம் ‘கில்பிரானன்’ என்ற சிறு கப்பலைக் கட்டிக் கொடுத்திருந்தது. 1976க்குள் அதே அச்சில் மொத்தம் எட்டுக் கப்பல்கள் வந்தன. பெரும்பாலும் தீவுகளின் பெயரே சூட்டப்பட்டதால் தீவு வகைக் கப்பல்கள் என்று அழைக்கப்பட்டன. கடைசிக் கப்பலின் பெயர் ‘ராசே’.

ஆறு கார்கள் ஏறினால் தளம் நிறைந்துவிடும். முன்பக்கத்தில் மட்டும் மடக்கி இறக்கும் பாலம். போர்க்காலத்தில் வீரர்களையும் வண்டிகளையும் நேரே மணலில் இறக்கிய கலங்களின் தத்துவம்தான் இது. ஆழமான துறைமுகச் சுவர் வேண்டாம், பாரந்தூக்கி வேண்டாம். கரையிலிருந்து கடலுக்குள் சரிந்து இறங்கும் கான்கிரீட் தளம் ஒன்று இருந்தால் போதும். கடல் ஏறினால் சாய்தளத்தின் மேற்பகுதியிலும், வற்றினால் கீழ்ப்பகுதியிலும் கப்பல் மூக்கை வைக்கும். ஸ்கையைச் சுற்றிய கடலில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அதைச் சமாளிக்கும் மிக மலிவான வழி இதுவே. குறை ஒன்று: ஒரே வாசல் என்பதால் ஒரு கரையில் கார்கள் பின்னோக்கி வந்தாக வேண்டும். மழையும் காற்றும் அடிக்கும் காலையில், ஈரச் சாய்தளத்தில், பின்னே கடல் இருக்க, கண்ணாடியைப் பார்த்துக் காரை நகர்த்துவது அந்தத் தலைமுறை தீவுக்காரர்களுக்குப் பழகிப்போன வித்தை.

1976இல் ராசேக்குக் கார்க் கப்பல் வந்தது. தீவில் மக்கள் குடியிருப்பது பெரும்பாலும் தெற்கே இன்வெரரிஷ் சிற்றூரிலும் அதன் அருகிலும்தான். சாய்தளமும் அங்கேயே அமைந்திருக்க வேண்டும். அமையவில்லை.

காரணம் நிலம். தீவு அரசின் வேளாண் துறைக்குச் சொந்தமாக இருந்தது. ராசே மாளிகையையும் அதைச் சார்ந்த நிலங்களையும் அந்தத் துறை அறுபதுகளில் தென் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு மருத்துவருக்கு விற்றுவிட்டது. தீவுக்குச் சாய்தளம் கட்ட ஏற்ற இடம் அந்த நிலத்தில் இருந்தது. அவர் கொடுக்க மறுத்தார். ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்து, கோரிக்கை, நாடாளுமன்றக் கேள்வி என்று இழுபட்டது. பத்திரிகைகள் அவருக்கு ‘டாக்டர் நோ’ என்று பெயர் வைத்தன. தீவில் வாழாத ஒருவரின் ஒற்றை மறுப்பு, தீவில் வாழ்ந்த எல்லோருடைய கடல் வழியையும் முடக்கியது என்பதைப் படிக்கும்போது இன்றும் கோபம் வருகிறது. விற்றது அரசுதான் என்பது இன்னும் கசப்பானது. 1979இல் மேட்டுநில, தீவு வளர்ச்சி வாரியம் அந்தச் சொத்துகளை வாங்கியது. அதற்குள் கப்பல் வேறிடத்தில் ஓடத் தொடங்கிவிட்டது.

அந்த வேறிடம் சூஷ்னிஷ். தீவின் தென்முனை, ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அங்கே பழைய கான்கிரீட் துறை ஒன்று நின்றது. முதல் உலகப்போரை ஒட்டி வில்லியம் பேர்ட் நிறுவனம் ராசேயில் இரும்புத்தாதுச் சுரங்கம் தோண்டியது. ஆண்கள் போர்முனைக்குப் போனதால் ஜெர்மானியப் போர்க்கைதிகளைக் கொண்டு தாது வெட்டினார்கள். தாதுவைக் கப்பலில் ஏற்றக் கட்டப்பட்ட துறை அது. போர் முடிந்ததும் சுரங்கம் மூடியது. துறை மட்டும் நின்றது. அரை நூற்றாண்டு கழித்து அதன் அருகில் சாய்தளம் போட்டுத் தீவின் கார்க் கப்பல் அங்கே வந்து நின்றது. தாதுவுக்காகத் தேர்ந்த இடத்தில் மனிதர்கள் 34 ஆண்டுகள் ஏறி இறங்கினார்கள்.

இரண்டு கிலோமீட்டர் என்ன பெரிய தூரம் என்று தோன்றலாம். கார் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. கார் இல்லாத முதியவர், பையோடு வரும் மாணவர், கைக்குழந்தையோடு வருபவர் ஆகியோருக்கு அது நவம்பர் மாத இருட்டில், பக்கவாட்டில் அடிக்கும் மழையில் நடக்கும் தூரம். சாய்தளத்தின் இடம் யாருக்குக் கப்பல் எளிது, யாருக்குக் கடினம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. கார்க் கப்பல் வந்ததால் தீவில் கார் இல்லாமல் இருப்பது முன்னைவிடக் கடினமானது என்பது என் கணிப்பு.

தீவின் மறுமுனையில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். வடக்கே ஆர்னிஷில் காலம் மக்லியட் என்பவர் வாழ்ந்தார். சிறுநிலம் பயிரிட்டவர், பகுதிநேர அஞ்சல்காரர், ரோனா கலங்கரை விளக்கத்தின் உதவிக் காவலர். தங்கள் பகுதிக்குச் சாலை வேண்டும் என்று பல்லாண்டுகள் கேட்டும் கிடைக்காததால் அறுபதுகளின் நடுவில் மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டியோடு தாமே இறங்கினார். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மைல் சாலையை அமைக்க அவருக்குப் பத்தாண்டு பிடித்தது. ரோஜர் ஹட்சின்சன் ‘காலம்ஸ் ரோடு’ என்ற நூலில் அந்தக் கதையை முழுமையாகப் பதிவு செய்திருக்கிறார். சாலை முடிந்தபோது அதில் நடக்க ஆர்னிஷில் அவரையும் மனைவியையும் தவிர அநேகமாக எவரும் மிஞ்சவில்லை. தெற்கே கார்க் கப்பல் வந்ததும் வடக்கே அவருடைய சாலை முடிந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். இரண்டும் இருபது ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் வடக்கு ராசேயில் இன்றும் அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது. தீவுகளில் போக்குவரத்து வசதி தாமதமாக வருவது வராததற்குச் சமம். ஆள் போனபின் வரும் சாலைக்கு ஆள் திரும்பி வருவதில்லை.

‘ராசே’ கப்பல் 1997 வரை அந்த வழியில் உழைத்தது. அதன்பின் ‘லாக் ஸ்ட்ரைவன்’ வந்தது. 1986இல் கிளைடு முகத்துவாரத்தின் கம்பிரே தீவுக்காகக் கட்டப்பட்ட கப்பல் இது. பெரிய கப்பல் ஒன்று அங்கே போனதும் கை மாறியது. பன்னிரண்டு கார் ஏறும். இரு முனையிலும் வாசல் இருப்பதால் ஏறிய கார் அப்படியே முன்னோக்கி இறங்கலாம்; பின்னோக்கி ஓட்டும் வித்தை தேவையற்றுப் போனது.

அடியில் இருந்த மாற்றம் இன்னும் பெரிது. சாதாரணக் கப்பலில் பின்னால் சுழலியும் அதன் பின்னே சுக்கானும் இருக்கும். ‘லாக் ஸ்ட்ரைவன்’ போன்ற லாக் வகைக் கப்பல்களிலும், பின்னால் வந்த ‘ஹல்லேக்’கிலும் இருப்பது வொய்த் ஷ்னைடர் அமைப்பு. எர்ன்ஸ்ட் ஷ்னைடர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1920களில் கண்டுபிடித்தது. கப்பலின் அடிப்பகுதியில் வட்டத் தட்டு ஒன்று சுழலும். அதிலிருந்து கத்தி போன்ற தகடுகள் நேர்க்கீழாக நீரில் தொங்கும். தட்டு சுழலச் சுழல ஒவ்வொரு தகடும் தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். கோணத்தை மாற்றும் விதத்தைப் பொறுத்து உந்துவிசை முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று எந்தத் திசைக்கும் போகும். சுக்கானே தேவையில்லை. கப்பலின் இரு முனைக்கும் ஒவ்வொன்று வைத்தால் நின்ற இடத்திலேயே திரும்பலாம், நண்டு போலப் பக்கவாட்டிலும் நகரலாம்.

இது ஆடம்பரம் அல்ல. சாய்தளத்தில் கார்கள் ஏறி இறங்கும் நேரம் முழுக்கக் கப்பலை மூக்கோடு மூக்காக அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பக்கவாட்டுக் காற்று தள்ளும், நீரோட்டம் இழுக்கும். கயிறு கட்டி அவிழ்க்க ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் செலவழித்தால் நேர அட்டவணை நிற்காது. மேல்தளத்தில் மாலுமி விசையைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, கப்பலைச் சாய்தளத்தில் பிடித்து வைத்திருப்பார். கீழே பணியாளர் கையசைத்து ஒவ்வொரு காரையும் அதனதன் இடத்தில் நிறுத்துவார். கனமான லாரி எந்தப் பக்கம், பால் வண்டி முன்னால் இறங்க வேண்டுமா, கடைசியாக ஓடிவரும் ஆளுக்காக அரை நிமிடம் பொறுக்கலாமா என்ற முடிவுகள் அங்கேதான் நடக்கின்றன. கடலில் போகும் நேரத்தைவிடச் சாய்தளத்தில் நிற்கும் நேரமே இந்தக் கப்பல்களில் அதிக கவனத்தைக் கேட்கும் வேலை.

2010இல் ஊருக்கு அருகே சர்ச்டன் விரிகுடாவில் புதிய துறை திறந்தது. முதல் கார்க் கப்பல் வந்து 34 ஆண்டு கழித்துத்தான் சாய்தளம் மக்கள் நடந்து வரும் தூரத்துக்கு வந்தது. ராசேயின் வரலாற்றில், டீசலும் மின்கலமும் சேர்ந்த கலப்பின எந்திரத்தைவிட இதை நான் பெரிய நிகழ்வாக மதிக்கிறேன்.

மூன்றாண்டு கழித்து, 2013இன் பிற்பகுதியில், ‘ஹல்லேக்’ அங்கே சேவையைத் தொடங்கியது. பெயர் வந்த வழி தீவின் காயத்திலிருந்து. ராசேயின் கிழக்குக் கரையில் ஹல்லேக் என்ற ஊர் இருந்தது. தீவை 1840களில் வாங்கிய ஜார்ஜ் ரெய்னி, ஆடு மேய்ப்புக்காக 1850களில் அந்த ஊரையும் வேறு சில ஊர்களையும் காலி செய்தார்; மக்கள் கப்பலேறி ஆஸ்திரேலியா வரை போனார்கள். ராசேயில் 1911இல் பிறந்த கேலிக் மொழிக் கவிஞர் சோர்லி மக்லேன் 1954இல் வெளியிட்ட ‘ஹல்லேக்’ என்ற கவிதை அந்த வெற்றூரைப் பற்றியது. இருபதாம் நூற்றாண்டு கேலிக் இலக்கியத்தின் சிகரங்களில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். மக்களை ஏற்றி வெளியே அனுப்பிய கப்பல்கள் ஒரு காலம். போனவர் மாலையில் திரும்பி வரட்டும் என்பதற்காக ஓடும் கப்பலுக்கு அந்த ஊரின் பெயரைத் தந்தது பொருத்தமான மரியாதை.

கலப்பின எந்திரம் இத்தகைய வழிக்கு ஏன் பொருந்துகிறது என்பதையும் பார்க்கலாம். பெருங்கடல் கப்பலின் எந்திரம் நாள்கணக்கில் ஒரே சுமையில் ஓடும். டீசல் எந்திரத்துக்கு அது உகந்த நிலை. சிறு தீவுக் கப்பலுக்கு வாழ்க்கை வேறு. கொஞ்ச நேரம் முழு வேகம், பின்பு சாய்தளத்தில் மெல்லிய அழுத்தம், பின்பு வெறுமனே காத்திருத்தல், மறுபடி முழு வேகம். குறைந்த சுமையில் ஓடும் டீசல் எந்திரம் எண்ணெயை வீணாக்கும், புகையும். ‘ஹல்லேக்’கில் டீசல் எந்திரங்கள் நேராகச் சுழலியை ஓட்டுவதில்லை, மின்சாரம் உண்டாக்குகின்றன. மின்கலங்களும் அதே மின்தடத்தில் இணைந்திருப்பதால் தேவை குறையும்போது எந்திரத்தை நிறுத்திவிட்டு மின்கலத்தில் ஓடலாம். கப்பல் இரவில் ராசேயில் கட்டப்பட்டு, கரை மின்சாரத்தில் மின்னேற்றம் பெறுகிறது. நாளின் மொத்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்காவது கரையிலிருந்து வரவேண்டும் என்பது வடிவமைப்பின் நோக்கம்.

கப்பல் ராசேயில் இரவு தங்குவது மின்சாரத்தைத் தாண்டிய விஷயம். தீவில் தங்கும் கப்பலின் முதல் நடை தீவிலிருந்து புறப்படும். அதனால் ஸ்கையில் வேலை பார்ப்பவர் காலையில் போய்ச்சேரலாம். போர்ட்ரீ உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் மாணவர்கள் விடுதியில் தங்காமல் அன்றாடம் வீடு திரும்பலாம். எதிர்க்கரையில் தங்கும் கப்பல் என்றால் காலையில் முதலில் அது வந்தாக வேண்டும். தீவுக்காரரின் நாள் அந்த அளவு தள்ளிப்போகும். பணியாளர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பதும் இதோடு சேர்ந்தே முடிவாகிறது. நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊரில் நாலைந்து நிரந்தரச் சம்பளம் என்பது நாலைந்து குடும்பம். தொடக்கப்பள்ளியில் சில பிள்ளைகள். கணக்கேட்டில் செலவு என்று எழுதப்படும் கப்பல் ஊழியம், தீவில் வீடுகளாக நிற்கிறது.

எந்தக் கிழமை ஓடும் என்பதும் எளிதில் முடிந்த வழக்கல்ல. ராசேயில் கட்டுப்பாடான பிரஸ்பிட்டீரியச் சபை வலுவானது. ஞாயிறு ஓய்வு நாள். ஞாயிற்றுக்கிழமை நடை இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான் வந்தது, அதுவும் எதிர்ப்போடு. எதிர்த்தவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. வாரத்தில் ஒரு நாளாவது தீவு தன்னளவில் தனித்திருக்கட்டும் என்ற ஆசை மதத்தைத் தாண்டியும் புரிகிறது. ஆனால் வெள்ளி மாலை ஊருக்கு வரும் இளைஞர் ஞாயிறு இரவு திரும்ப முடியாது என்றால் அவர் அடிக்கடி வரமாட்டார் என்ற மறுதரப்பு வாதத்துக்கும் பதில் கிடையாது.

கட்டணமும் கரையில் எடுக்கும் முடிவே. அதே தூரத்தைச் சாலையில் கடக்க என்ன செலவாகுமோ அதை ஒட்டிக் கப்பல் கட்டணத்தை வைக்கும் முறையை ஸ்காட்லாந்து அரசு 2008இல் சில வழிகளில் சோதித்து, 2015க்குள் கால்மேக் வழிகள் அனைத்துக்கும் கொண்டுவந்தது. கட்டணம் இறங்கியது, தீவுக்காரர் மகிழ்ந்தனர், சுற்றுலாக் கார்களும் பெருகின. 2017இல் ராசேயில் விஸ்கி வடிசாலை திறந்து தீவுக்கு வேலையும் வருகையாளர்களும் சேர்ந்தார்கள். கோடையில் வரிசை நீளும்போது மருத்துவரைப் பார்க்கப் போகும் காரும் ஊர்சுற்ற வந்த காரும் ஒரே வரிசையில் நிற்கின்றன. உள்ளூர்க்காரருக்குச் சில இடங்களை ஒதுக்கி வைப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். முன்பதிவு இல்லாத குறுகிய வழிகளில் அதை நடைமுறைப்படுத்துவது சிக்கல் என்பதும் உண்மை.

இந்தக் கப்பல்கள் சீக்கிரம் சாவதில்லை. தீவு வகையின் ‘கானா’ வட அயர்லாந்தின் ராத்லின் தீவுக்குப் போய் இருபதாண்டு ஓடியது. ‘கோல்’, ‘ரம்’, ‘மோர்வன்’ மூன்றும் அயர்லாந்தின் அரன்மோர் தீவுக்கு உழைத்தன. கைல்ஸ்கூ நீரிணைக்காக எழுபதுகளில் கட்டிய ‘மெய்ட் ஆஃப் கிளென்கோல்’, 1984இல் அங்கே பாலம் வந்ததும் காரன் நீரிணைக்கு மாறியது. ஒரு கரைக்குப் போதாத கப்பல் இன்னொரு கரைக்கு வரமாகிறது.

ஆனால் நீண்ட ஆயுளை நம்பியே காலம் தள்ளினால் என்னவாகும் என்பதையும் அதே காரன் காட்டியது. பயணிகள் கப்பல் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை உலர்துறைக்குப் போய்ச் சோதிக்கப்பட வேண்டும். அந்த வாரங்களில் மாற்றுக் கப்பல் ஓடும். 2023 வசந்தத்தில் காரனின் முதன்மைக் கப்பல் பழுதுபார்ப்பில் நீண்ட காலம் சிக்கியிருந்தபோது, மாற்றாக ஓடிய ‘மெய்ட் ஆஃப் கிளென்கோல்’லும் நின்றுபோனது. ஐந்து நிமிடத்தில் கடக்கும் நீரைச் சுற்றிப்போக நாற்பது மைலுக்கு மேல் குறுகிய சாலை. கடைகள், விடுதிகள், ஆம்புலன்ஸ் எல்லாம் அந்த நாற்பது மைலைச் சுமந்தன. அங்கே சாலையாவது உண்டு. ராசேக்கு அதுவும் கிடையாது. மாற்றுக் கப்பலை ஆண்டு முழுவதும் சும்மா நிறுத்தி வைப்பது வீண் செலவு என்று தணிக்கையாளர் சொல்லக்கூடும். அந்தச் சும்மா நிற்கும் கப்பலையும் சேவையின் ஒரு பகுதியாகக் கணக்கிடுவதே நேர்மை.

இப்போது அடுத்த மாற்றம் தொடங்கியிருக்கிறது. சிறு வழிகளுக்காக ஏழு முழு மின்சாரக் கப்பல்களைக் கட்டும் பணி 2025இல் போலந்தின் க்தான்ஸ்க் நகரிலுள்ள ரெமோண்டோவா தளத்துக்குப் போனது. ‘ஹல்லேக்’கைக் கட்டிய ஊரில் இதனால் வருத்தம் உண்டு, அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். கப்பலைவிடக் கடினமான வேலை எங்கே என்பதை நார்வே முன்னரே காட்டிவிட்டது. 2015இல் சோக்னே ஃபியோர்டின் லாவிக், ஓப்பெடால் கரைகளுக்கிடையே ‘ஆம்பேர்’ என்ற முழு மின்சாரக் கார்க் கப்பல் ஓடத் தொடங்கியது. 120 கார், 360 பேர். நின்று போகும் சில நிமிடங்களில் அதற்கு மின்னேற்ற வேண்டும். அந்தச் சிற்றூர்களின் மின்கம்பிகள் அவ்வளவு மின்சாரத்தை ஒரேயடியாகத் தாங்காது. அதனால் இரு கரையிலும் பெரிய மின்கலங்களை வைத்தார்கள். அவை மெல்ல மெல்ல நிரம்பி, கப்பல் வந்ததும் வேகமாகக் கொட்டிக் கொடுக்கின்றன.

ஸ்காட்லாந்துத் தீவுகளின் மின்தடங்களும் வலுவானவை அல்ல. பல கிராமங்கள் தடத்தின் கடைக்கோடியில் இருக்கின்றன. புதிய கப்பல்களின் படங்கள் வெளியாகும்போது நான் தேடிப் பார்ப்பது சாய்தளத்தை எவ்வளவு அகலப்படுத்துகிறார்கள், மின்னேற்றிக்கு எங்கிருந்து கம்பி இழுக்கிறார்கள், கப்பல் இரவில் எந்தக் கரையில் கட்டப்படும், பணியாளர் குடியிருக்க வீடு உண்டா என்பவற்றையே. இந்த விவரங்கள் அறிவிப்புகளின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன, சில சமயம் இருப்பதே இல்லை. கப்பல் ஒப்பந்தத்தோடு சேர்த்தே இவற்றுக்கும் தேதியும் பணமும் எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நல்ல கப்பல் கிடைத்தும் 34 ஆண்டுகள் தாதுத் துறையில் ஏறி இறங்கிய ராசே மக்களிடம் கேட்டால் போதும்.